ஆளுக்கு நாலாயிரம்

கம்பஸ் வாசலில் இருந்து சைக்கிளில் எட்டு நிமிடம்.
நடந்தால் இருபது. மாரியில் கணக்கில்லை.
அறிவியல் நகர்ச் சந்தி மின்கம்பத்தில்
கொப்பித் தாளில் எழுதி ஒட்டினேன்:
அறை வாடகைக்கு. ஆண்கள் மட்டும். கிணறு உண்டு.
ஆளுக்கு நாலாயிரம்.

வந்தவர்கள் படலையில் நின்று கேட்டார்கள்,
"தம்பி, வீட்டுக்காரர் இல்லையோ?"
"நான்தான்."
கழுத்தில் இன்னும் பள்ளிக்கூடத்து ரை.
பேசாலை ஜெரால்ட் சிரித்தான்.
செங்கலடி வினோபன் சிரிக்கவில்லை,
கூரையைப் பார்த்தான்.

கூரை தகரம்.
மீளக் குடியேறிய கிழமை தந்த பன்னிரண்டு தகரம்,
அப்போது எனக்கு நாலு வயது.
வீட்டுத் திட்டத்தில் கல்வீடு வந்த பிறகு
அதற்குள் கச்சான் மூட்டை, பிடி கழன்ற மண்வெட்டி.
அதை அறை என்று நான் முதலில் சொன்னபோது
கோழிகள் குடியிருந்தன.

இரண்டு லீவுக்கு அறுவடை மெசினுக்குப் பின்னால்
சாக்குப் பிடித்தேன். அந்தக் காசு
அரைச் சுவரோடு நின்றுவிட்டது.
மீதிக்கு வங்கி.
கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் பண்பாய்த்தான் கேட்டார்.
வயது?
பதினேழு.
காணி உறுதி?
பேமிற்.
யாரின் பேரில்?
அப்பாவின்.
அவர் வந்து கையெழுத்து வைப்பாரோ?

மேலே காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது.
இறப்புச் சான்றிதழ் இருந்தால் பேர் மாற்றலாம் என்றார், மெல்ல.
அம்மா அதை எடுக்கமாட்டாள்.
மூன்று தரம் படிவம் வந்தது,
மூன்று தரமும் அடுப்புக்குப் பக்கத்தில் மடித்து வைத்தாள்.
எரிக்கவுமில்லை.

ஆகவே கடன் இல்லை, சீட்டு.
கடைசியாய் எடுக்க இருந்ததை
ஆறாயிரம் கழிவுக்கு இரண்டாவதாய் எடுத்தாள்.
"அறை நிக்குமோ?" என்று மட்டும் கேட்டாள்.

'பெறுமானத் தேய்வு' என்று கணக்கீட்டு ரீச்சர்
கரும்பலகையில் எழுதியபோது
எனக்குத் துரு ஞாபகம் வந்தது.
வருடத்துக்குப் பத்து வீதம் என்றார்.
கார்த்திகையில் ஒரே இரவில் நாற்பது வீதம் போனது.
இரண்டு மணிக்குக் கதவில் தட்டு:
"ஓனர், ஒழுகுது!"
ஓனர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு
வாளியோடு ஓடினான்.
வாளி, சட்டி, கோழிக்குத் தண்ணீர் வைக்கிற கோப்பை,
எல்லாம் நிரம்பிப் போக
வினோபன் தகரத்தில் ஏறினான். மூன்றாம் வருடம், சிவில்.
சரிவு பிழையடா என்று மழைக்குள் இருந்து கத்தினான்.
அந்த மாதம் ஆயிரம் குறைத்துத் தந்தான்.
பற்றுச்சீட்டில் எழுதச் சொன்னான்: ஆலோசனைக் கட்டணம்.
எழுதினேன்.

ஜெரால்ட் இரண்டு மாதம் ஒன்றுமே தரவில்லை.
"கடல் சரியில்லை" என்றான்.
கேட்கப் போன என்னை அம்மா மறித்தாள்.
"நாங்கள் பதினொரு வீட்டிலை இருந்தனாங்கள்,
ஒருத்தரும் வாடகை கேக்கேல்லை."
"அதிலை ஒன்பதுக்குக் கூரையே இல்லையம்மா."
சொன்ன பிறகு
வாயை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
அன்றிரவும் அவனுக்குப் புட்டுப் போனது.
அதைச் செலவில் எழுதினேன், பிறகு வெட்டினேன்,
வெட்டின இடம் கிழிந்துவிட்டது.

தை மாதம் அறைக்குத் தனி மீற்றர் பூட்டினேன்.
அதன் தட்டு ஒரு சுற்றுச் சுற்ற
எத்தனை சதம் என்று தெரியும்.
அவர்களுக்குச் சோதனை. எனக்கும்தான்.
எங்கள் வீட்டில் பத்து மணிக்கு லைற் நிற்கும்,
தங்கச்சிக்கு வெளிச்சத்தில் நித்திரை வராது.
கொப்பியைத் தூக்கிக்கொண்டு போய்
என்னுடைய அறைக் கதவை நானே தட்டுகிறேன்.
ஜெரால்ட் காலை மடக்கி
கட்டிலில் இடம் விடுகிறான். ஒன்றும் கேட்கவில்லை.

ஐந்தொகை இன்னும் சமப்படவில்லை,
இருநூற்றுப் பத்து ரூபாய் எங்கேயோ உதைக்கிறது.
வெளியே, சுவரில்,
தட்டு சுற்றுகிறது.